மேஸ்திரி துடைத்த வட்டம்

"நூல் தொய்ஞ்சிருக்கு, இழு."

"இதுக்கு மேல இழுத்தா அறுந்துடும் மாமா."

"தொய்ஞ்சிருக்குங்கறேன்."

"உங்க கழுத்துதான் சாஞ்சிருக்கு. நேரா வச்சுப் பாருங்க."

மேஸ்திரி கழுத்தை நேராக்கினார். நூல் இரண்டாயிற்று. ஒன்று ஆணியிலிருந்து ஆணிக்கு இறுகி நின்றது. இன்னொன்று அதற்கு அரை விரல் கீழே, கொஞ்சம் மங்கலாக, தொய்ந்து கிடந்தது. அவர் சட்டென்று குனிந்துகொண்டார். முழங்காலில் நின்று முகம் தரைக்கு நேராக வந்ததும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே நூலாகிவிட்டன.

"சரி விடு. நேராத்தான் இருக்கு."

"அதைத்தான் அப்பவே சொன்னேன்" என்று மச்சினன் கலவையை அள்ளினான். மனைவியின் தம்பி. பதினாறு வருடமாக அவரோடு தரை போடுகிறவன். வாய் ஓய்ந்தால் கை ஓய்ந்துவிடும் என்று நம்புகிறவன்.

புது நூலகத்துக்காகக் கட்டிய கூடம் அது. இரண்டடிக்கு இரண்டடிக் கல். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாகப் பேச்சு. சனிக்கிழமை அலமாரிகள் வந்து இறங்கும்.

மூன்று வாரமாக இப்படித்தான். நிமிர்ந்தால் கதவுச் சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கதவுச் சட்டம். விளக்குக்கு அடியில் பிறை மாதிரி ஒரு வெளிச்சம். எதிரே வருகிறவனுக்கு இரண்டு தாடை. குனிந்தால் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே அவர் குனிந்தே இருப்பது என்று முடிவு செய்தார். தரை போடுகிறவனுக்கு இதைவிடத் தோதான வியாதி கிடைக்காது. வழக்கமாக மதியத்துக்குமேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மச்சினனை வைக்கச் சொல்லிவிட்டு ரசமட்டத்தோடு நிற்பவர், இப்போது எழவே மறுத்தார். ஒரு நாளைக்கு இருபத்தைந்து கல் போகிற இடத்தில் முப்பத்தைந்து போயிற்று.

"என்ன மாமா, தரையையே கட்டிக்கப் போறீங்களா? அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"நீ கல்லை எடு."

"எடுக்கறேன். கொஞ்சம் மூச்சு விடுங்க. கல்லுக்கும் மூச்சு முட்டுது."

அவர் ரப்பர் சுத்தியலால் கல்லின் நான்கு மூலையையும் தட்டி, சத்தத்தைக் கேட்டார். உள்ளே எங்கும் காலி இல்லை. சத்தத்தில் அவருக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. கண்ணில்தான்.

ஐந்து வயதில் அவரை மந்தம் என்று சொன்னார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் சித்தப்பாவே நின்றாலும் கண்டுகொள்ள மாட்டான், திமிர் பிடித்தவன் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் படிக்கச் சொன்னால் பக்கத்துப் பையன் முணுமுணுப்பதைக் கேட்டுச் சொல்லுவார். அவன் தப்பாகச் சொன்ன நாட்களில் இவருக்கு அடி. ஏழாவதோடு நின்றார். கட்டட வேலைக்குப் போனபோது முதல் நாளே மணல் சட்டியோடு செங்கல் குவியலில் மோதி விழுந்தார். இவனைச் சாரத்தில் ஏற்றினால் கொலைப்பழி நம் தலையில் என்று தரை வேலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

தரை அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்துக்குள் அவர் கண்ணை மிஞ்ச ஆள் இல்லை. பத்தொன்பது வயதில் கண்ணாடி போட்டார். மைனஸ் பதினெட்டு. கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் கடுகு மாதிரி தெரியும். வியர்வையில் நழுவாமல் இருக்க நைலான் கயிற்றால் பின்னந்தலையில் கட்டியிருப்பார். சோடாபுட்டி என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில், 'சோடாபுட்டி போட்ட தரை' என்றால் இன்ஜினியர்கள் மட்டம் பார்க்காமல் கையெழுத்துப் போடும் அளவுக்கு அந்தப் பெயர் வளர்ந்தது. இரண்டு கல் சேருகிற இடத்தைச் சரிபார்க்க அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு கல்லில் படும்வரை குனிவார். தலைமுடி அளவு ஏற்றத்தாழ்வும் வெறுங்கண்ணுக்குத் தப்பாது.

நாற்பத்திரண்டு வயதில் புரை விழுந்தது. உங்கள் கண் ரொம்ப நீளம், இப்படிப்பட்ட கண்ணில் சீக்கிரம் விழும் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணிலும் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கண்ணாடி போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் எதிர்ச்சாரியில் நின்ற மச்சினனை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, "இவன் இவ்வளவு கோரமா இருப்பான்னு யாருமே சொல்லலியே" என்றார்.

ஆனால் கிட்டப் பார்வை போய்விட்டது. மூக்கைக் கல்லில் வைத்தால் வெறும் சாம்பல்தான் தெரிந்தது. அதற்கு ஒரு கண்ணாடி வாங்கினார். கை மட்டும் வருடக்கணக்கில் பழைய பழக்கத்தை விடவில்லை. கல் சேருகிற இடத்தைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் இல்லாத கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றும்.

இடது கண் ஐந்து வருடத்துக்கு முன் போயிற்று. ஓரத்தில் மின்னல் வெட்டியது. பிறகு பக்கவாட்டிலிருந்து கறுப்பாக ஒரு திரை நகர்ந்து வந்தது. அப்போது ஒரு மாடிப்படி வேலை கையில் இருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்று பதினாறு நாள் இருந்தார். விழித்திரை முழுக்கப் பெயர்ந்துவிட்டது என்றார்கள். இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். வலது கண்ணை வருடம் தவறாமல் காட்டச் சொன்னார்கள். இரண்டு வருடம் காட்டினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நன்றாக இருப்பதைக் காட்ட ஒரு நாள் வேலையை விடுவானேன் என்று மூன்றாவது வருடத்திலிருந்து போகவில்லை.

இப்போது அந்தக் கண்தான் இந்த ஆட்டம் காட்டியது.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் சுவர் இரண்டாகும். எழுந்து போய் எதையாவது கீழே தேடுவார். செருப்பைத் துடைப்பார். குனிந்து வாளியை நகர்த்துவார்.

"என்னத்தைத் தொலைச்சீங்க?" என்று மனைவி கேட்டாள். அவள் பார்சல் அலுவலகத்தில் முகவரி பார்த்துப் பிரிக்கிறவள். கிறுக்கல் எழுத்தைப் பத்து மணி நேரம் படித்துவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் முகத்தைப் படிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

"ஒண்ணும் தொலைக்கல."

"கோழி மாதிரி தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்குறீங்களே, அதான் கேட்டேன்."

"கழுத்துப் பிடிப்பு."

"மூணு வாரமாவா?"

அவர் தைலம் வாங்கிவந்து அவளிடமே கழுத்தில் தேய்த்துவிடச் சொன்னார். பொய்க்கு மருந்தும் போட்டாயிற்று.

திங்கட்கிழமை காலை பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. எல்லார் தலையும் ஒருமுறை துள்ளியது. அவர் கண்ணை மூடித் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தெரு இருந்தது. ஒரே தெரு.

கம்பத்துக்குப் பக்கத்தில் கம்பம் இல்லை. அவர் கழுத்தை நேராக வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்தார், இடப்பக்கம் சாய்த்தார். கடைப்பலகைகளை ஒன்று விடாமல் படித்தார். சைக்கிள் கடை. பல் மருத்துவர். வாடகைக்கு விடப்படும். தொலைபேசி எண்ணைக்கூடப் படித்தார். உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தார். எதிரே வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தாடைதான்.

அன்று முழுக்க நிமிர்ந்து நின்றார். காரணமே இல்லாமல் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார். வேலை மச்சினன் தலையில் விழுந்தது.

"நேத்துவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னீங்க, இன்னைக்குக் குனிய மாட்டேங்கறீங்க. நடுவுல ஒரு நிலைமையே கிடையாதா உங்களுக்கு?"

"அந்த மூலைக் கல்லு பாரு, ஒரு நூல் அளவு தூக்கியிருக்கு. இங்கேர்ந்தே தெரியுது."

மச்சினன் போய்த் தடவிப் பார்த்தான். தூக்கித்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் சொன்னார். வாயை அடக்க முடியவில்லை.

"கண்ணு சரியாயிடுச்சு."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எப்ப கெட்டுச்சு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கெட்டதைச் சொல்லாமல் சரியானதைச் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்? இரண்டு நூல், இரண்டு கதவு, பிறை என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது.

"தைலம் தேச்சு விட்டேனே. கழுத்துல. அப்பகூட வாயைத் தொறக்கல."

"அதான் இப்ப நல்லாயிடுச்சே."

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி."

"போய் என்னன்னு சொல்றது? 'டாக்டர், எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது, என்னைக் காப்பாத்துங்க'ன்னா? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிக்கறது கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் சந்தோஷம்தான்."

"வெள்ளிக்கிழமை வேலை முடியுது. சனிக்கிழமை போறேன்."

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க. மாடிப்படி முடியட்டும், மாடிப்படி முடியட்டும்னு. மாடிப்படி முடிஞ்சுது. அதுல இப்ப கையைப் புடிச்சு ஏத்தினாத்தான் ஏறுறீங்க."

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவர் நடுவில் எழுந்துபோய் வாசலில் நின்று எதிர்வீட்டுக் கதவு எண்ணைப் படித்துவிட்டு வந்தார். திரும்பவும் ஒருமுறை போனார்.

செவ்வாய்க்கிழமை கூடத்தில் கடைசி இரண்டு வரிசை மிச்சம் இருந்தது. பதினான்கு கல். இன்றே முடித்துவிட்டால் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு முழங்காலில் இறங்கினார். முதல் கல்லை வைத்தார். தட்டினார். குனிந்து ஓரம் பார்த்தார்.

கல்லின் மேல் ஒரு கறை இருந்தது. வட்டமான கறை. விளிம்பு மட்டும் பளிச்சென்று, ஈரத் தம்ளரை வைத்து எடுத்த மாதிரி.

பஞ்சை நனைத்துத் துடைத்தார். போகவில்லை. பசை ஒட்டியிருக்கும் என்று நகத்தால் சுரண்டினார். நகத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மறுபடி துடைத்தார். வட்டம் மெல்ல நகர்ந்து அடுத்த கல்லுக்குப் போயிற்று. அவர் பஞ்சோடு அடுத்த கல்லுக்குப் போனார். அது கல்லைத் தாண்டி ஈரக் கலவைமேல் ஏறியது. அங்கிருந்து அவருடைய சொந்தக் கையின் மேல் ஏறியது. அவர் கையையும் துடைத்தார்.

மச்சினன் கட்டிங் மெஷினை நிறுத்தினான். "மாமா. எதைத் துடைக்கறீங்க?"

"கறை."

"எங்க?"

"இதோ."

மச்சினன் அருகே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். கல் பளபளவென்று இருந்தது.

"அங்க ஒண்ணும் இல்ல மாமா."

மேஸ்திரி நிமிர்ந்தார். வட்டம் காணாமல் போயிற்று. குனிந்தார். எங்கிருந்தோ மிதந்து வந்து நடுவில் நின்று ஆடியது. திரும்ப நிமிர்ந்தபோது கண்ணின் ஓரத்தில் ஒரு மின்னல் வெட்டியது. ஒரே ஒரு கீற்று. அது என்னவென்று அவருக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் பதினாறு நாள் பார்த்த மின்னல்.

அவர் பஞ்சை வாளியில் போட்டார். இரண்டாவது கல்லை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"பதிமூணு கல்லு. ரெண்டு மணி நேரம். முடிச்சுட்டுப் போயிடலாம்."

"அக்கா காலையில போன் பண்ணிச்சு. எல்லாம் சொல்லிச்சு."

"அவளுக்கு வேற வேலை இல்ல. நகரு."

மச்சினன் நகரவில்லை. திரும்பி, விரித்து மட்டம் போட்டு வைத்திருந்த ஈரக் கலவையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சளப் என்றது.

"டேய்!"

"வைங்க. என் மேல வச்சு நாலு மூலையும் தட்டுங்க. காலியா இருக்கான்னு பாருங்க."

"எந்திரிடா. காஞ்சுடும்."

"காயட்டும். நான் போட்ட தரையில நானே ஒட்டிக்கிட்டேன்னு நாளைக்கு எல்லாரும் பேசட்டும். நீங்க அந்தக் கல்லைக் கீழ வைக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

மேஸ்திரி கல்லைப் பிடித்தபடி நின்றார். கல் கனத்தது. சுவரில் சாய்த்து வைத்தார். மச்சினன் எழுந்தான். பின்பக்கம் முழுக்கச் சிமென்ட். ஆட்டோக்காரர் அவனை ஏற்ற மறுத்து, பிறகு ஒரு சாக்கை விரித்து ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் சொட்டு விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். அவர் உட்காரவில்லை. நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தார். மூன்றாவது தூணுக்கு அருகில் ஒரு கல் குதிகாலுக்கு வேறு சத்தம் கொடுத்தது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அதை மிதித்தார். மனைவி அலுவலகச் சீருடையோடு வந்து சேர்ந்தாள். ஒன்றும் கேட்காமல் அவருடைய சட்டைக் காலரிலிருந்த சிமென்ட்டைத் தட்டிவிட்டாள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு அவரைப் படுக்கவைத்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள், ஓரமாகப் பாருங்கள் என்று நெடுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு ரெண்டா தெரிய ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வாரம்."

"அப்பவே ஏன் வரல?"

"குனிஞ்சா சரியாயிடுச்சு டாக்டர்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "லென்ஸைத் தாங்கிப் பிடிச்சிருந்த நார் பலவீனமாகி விட்டுப்போயிருக்கு. அதனால அது ஒரு பக்கமா இறங்கித் தொங்கிச்சு. அதோட விளிம்புதான் உங்களுக்கு ரெண்டா காட்டிச்சு. இப்ப முழுசா கழண்டு கண்ணுக்குள்ள பின்னாடி விழுந்து கிடக்கு. உங்களை மாதிரி ரொம்ப நீளமான கண்ணுல, ஆபரேஷன் பண்ணிப் பல வருஷம் கழிச்சு இப்படி ஆகறது உண்டு."

"நான் குனிஞ்சதாலயா?"

"குனியலன்னாலும் விழுந்திருக்கலாம். சொல்ல முடியாது."

"விழுந்துடுச்சுன்னா எனக்கு எப்படி நல்லாத் தெரியுது? நேத்து பஸ்ஸுல போன் நம்பர்கூடப் படிச்சேன்."

"அதான் உங்க கண்ணுல இருக்கற சிக்கல். மத்தவங்களுக்கு லென்ஸ் விழுந்தா எல்லாம் மங்கிடும், அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவாங்க. உங்க கண்ணு இருக்கற நீளத்துக்கு லென்ஸ் இல்லாமலே தூரம் தெரியும்; அன்னைக்கு வச்சதே கிட்டத்தட்ட பவர் இல்லாத லென்ஸ். அது இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. விளிம்பு மறைக்கறது போச்சு, நல்லாயிடுச்சுன்னு நினைச்சுட்டீங்க. குனியும்போது அது முன்னாடி வருது. ஏதாவது வட்டமா தெரிஞ்சுதா?"

வாசலில் நின்ற மச்சினன், "துடைச்சாரு" என்றான்.

"அப்ப அது அங்கயே கிடக்கட்டுமே டாக்டர். அதான் தேவையே இல்லையே."

"வெளிய எடுத்துட்டா தேவையில்ல. உள்ள உருண்டுக்கிட்டு இருந்தா தேவையில்லாத வேலையெல்லாம் பண்ணும். விழித்திரை ஓரத்துல ஒரு சின்னக் கிழிசல் வந்திருக்கு. இடது கண்ணு எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். இன்னைக்கு சாயங்காலமே எடுக்கணும். கிழிசலையும் லேசர் வச்சு அடைக்கணும்." அவள் தலையிலிருந்த விளக்கைக் கழற்றினாள். "எடுக்கறதுலயும் ஆபத்து இருக்கு. இருக்கறது ஒத்தக் கண்ணு. பொய் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார். நர்ஸ் கொடுத்த ஒப்புதல் தாள் மனைவி கையில் இருந்தது.

"இப்ப தெரியுது. எல்லாம் தெரியுது. அந்தக் கடிகாரத்துல மணி ரெண்டே முக்கால். நல்லாத் தெரியற கண்ணைக் கொண்டுபோய் வெட்டக் கொடுக்கறதா?"

அவள் தாளின் மடிப்பைப் பிரித்தாள்.

"ஏதாவது சொல்லேன்."

"நான் சொல்லிச் சொல்லித்தான் நீங்க கேட்டீங்களா? உக்காருங்க. படிக்கறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் முகவரி படிக்கிற குரலில் தாளைப் படித்தாள். மயக்க ஊசி, ரத்தக் கசிவு, கிருமி, கண்ணின் அழுத்தம். 'பார்வை முழுவதும் போகவும் வாய்ப்பு உண்டு' என்ற வரியிலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"அந்த வரியைத் திரும்பப் படி."

திரும்பப் படித்தாள்.

அவர் எழுந்தார். தரையைப் பார்க்கக் குனிந்தார். வட்டம் மிதந்து வந்து நடுவில் நின்றது. இந்தப் பக்கம் சாய்ந்தார், அதுவும் சாய்ந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாரோ, நிமிர்ந்தபோது ஓரத்தில் இரண்டாவது மின்னல் வெட்டியது. கையை நீட்டினார்.

"பேனாவைக் குடு."

ஐந்து மணிக்கு உள்ளே போனார். ஆறே முக்காலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். கட்டுப் போட்டிருந்தது. கட்டுப் போடாத கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தது. எல்லாம் எடுத்தாகிவிட்டது, பார்வையைக் காலையில்தான் சொல்ல முடியும் என்றாள் டாக்டர்.

மறுநாள் எட்டரைக்குக் கட்டைப் பிரித்தார்கள். கண் சிவந்து வீங்கியிருந்தது. டாக்டர் விரல்களைக் காட்டினாள். மூன்று என்றார். சரி. பிறகு எழுத்துப் பலகையில் முதல் இரண்டு வரியைப் படித்தார், மூன்றாவது வரியில் பாதி. வீக்கம் வடிந்தால் இன்னும் தெரியலாம், கண்ணாடி பிறகு எழுதித் தருகிறேன் என்றாள். லேசர் போட்ட இடம் பிடிக்க வேண்டும், ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, தரை வேலை கூடாது என்றாள். ஆறு வாரத்துக்குப் பிறகு என்று கேட்டார். அதை அப்போது பார்க்கலாம், இப்போது வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். மச்சினன் மூன்று மணிக்குப் போன் செய்தான். நேற்றைய கலவையைச் சுரண்டி எடுக்கவே காலை போய்விட்டது, ஆறு கல் வைத்திருக்கிறான், ஏழு பாக்கி, நாளைக்கு முடியும் என்றான். தட்டிப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றான். மனைவி இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். எந்தச் சொட்டு எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். நான்கு மணிக்கு முதல் சொட்டு விட்டாள். எரிகிறது என்றார்.